சிட்டு வண்டி ஏறிய கதை

மார்ச் 2

அண்ணன் வீட்டுக்கு,

சிட்டு அண்ணனின் தோளைக் கடித்துவிட்டாளாம். இனிமேல் அவன் கொட்டகைப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டானாம். "இனிமே உன் அண்ணிதான் குதிரையப் பாத்துக்கப் போறா" என்று நேற்று போனில் சொன்னான். நான் அப்படியே போனை வைத்துவிட்டேன். பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

குதிரை கனைத்தாலே அடுப்படிக் கதவைத் தாழ்ப்பாள் போடுகிற நீங்கள் என் குதிரையைப் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள்!

நான் இந்த வேலைக்குக் கிளம்பிய அன்று நடந்தது இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. சிட்டு லாரியின் சாய்வுப் பலகையில் பாதி தூரம் ஏறிவிட்டாள். அப்போது பார்த்து நீங்கள் பின்வாசலில் வந்து நின்று, வெட்டப்போகிற துணியைப் படார் என்று ஒரு உதறு உதறினீர்கள். அவள் மிரண்டு, பலகையில் சறுக்கி, பின்னங்காலைக் கிழித்துக்கொண்டாள். லாரிக்காரர் வெறும் வண்டியோடு திரும்பிப் போனார். நான் அவளை விட்டுவிட்டு அழுதுகொண்டே பஸ் ஏறினேன். அன்றிலிருந்து அவள் யாரையும் கிட்டே சேர்ப்பதில்லை. தையல்காரர்கள் துணியை உதறித்தான் மேஜையில் விரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்பதும் தெரியும். தெரிந்தும் கோபம் போகவில்லை, என்ன செய்ய?

கொட்டகை நிற்கிற இடத்தை விற்றாகிவிட்டது. ஏப்ரல் கடைசியில் இடிக்கப் போகிறார்கள். அதற்குள் சிட்டு வண்டி ஏறி, நான் பயிற்சியாளராக இருக்கிற இந்தக் குதிரையேற்றப் பள்ளிக்கு வந்தாக வேண்டும். புதுப் பிள்ளைகள் சேர்ந்திருப்பதால் எனக்கு மே வரைக்கும் லீவு கிடையாது. அவள் வராவிட்டால் குதிரை வாங்கி விற்கிற அந்தத் தரகரிடம்தான் விட வேண்டும். அவர் கையிலிருந்து வந்த குதிரைகளின் விலாவை நான் பார்த்திருக்கிறேன்.

அவளுக்குப் பின்னால் போகாதீர்கள். திடீரென்று கையைத் தூக்காதீர்கள். தயவுசெய்து எதையும் உதறாதீர்கள்.

இப்படிக்கு,
சிட்டுவின் சொந்தக்காரி

* * *

மார்ச் 7

என் அருமை நாத்தனாருக்கு,

'அண்ணன் வீட்டுக்கு' என்று நீ எழுதிய கடிதத்தை முதலில் வீடு படித்தது. கூரை ஒருமுறை படித்தது, ஜன்னல் ஒருமுறை படித்தது, அப்புறம்தான் என் கைக்கு வந்தது. நான் இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. நீ இன்னும் என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. 'இங்க பாருங்க', 'இந்தாங்க' என்றே பொழுதை ஓட்டிவிட்டுப் போய்விட்டாய். போகட்டும். நீ எழுதியதும் ஒருவகையில் நல்லதுதான். போனில் என்றால் மூன்றாவது வார்த்தையில் வைத்துவிடுவாய். கடிதத்தில் நான் பேசி முடிக்கிறவரை நீ கேட்டே ஆக வேண்டும்.

உன் அண்ணனை நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. நாளெல்லாம் கரண்ட் கம்பத்தில் தொங்குகிற மனுஷன், இப்போது வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கொள்ளுத் தொட்டியை மூங்கில் கழியால் உள்ளே தள்ளுகிறார். "கரண்டு கூட சொல்லிட்டுத்தான் அடிக்கும், இது சொல்லாம கடிக்குது" என்கிறார். தொட்டி கவிழ்ந்தால் இன்னொரு கழி.

அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் நான் போனேன். பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். உன் மகாராணி மூலையில் போய் ஒட்டிக்கொண்டு நடுங்கினாள். நான் கதவோரத்தில் ஒட்டிக்கொண்டு நடுங்கினேன். யார் முதலில் ஓடுவது என்று இரண்டு பேருக்கும் போட்டி. பின்னங்காலில் புண் ஆறவில்லை. ஓரமெல்லாம் சிவந்து, ஈ மொய்க்கிறது. மருந்து போட ஆள் கிட்டே போனால்தானே? நான் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டு, நின்றது நின்றபடி நின்றேன். கடைசியில் கால் மரத்துப்போய் வாளியோடு உட்கார்ந்துவிட்டேன். அவள் சுவரை உதைத்தாள்.

நாளைக்கும் போவேன். என்னாலே கெட்டது என்று நீ எழுதிவிட்டாயே, அப்புறம் நான் எப்படிப் போகாமல் இருப்பேன்?

அன்புடன்,
இந்தாங்க

* * *

மார்ச் 12

உங்கள் கடிதம் கிடைத்தது. புண்ணைப் பற்றிப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீங்கள் செய்கிற தப்பு என்னவென்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் அவளைப் பார்க்கிறீர்கள். யாரைக் கண்டாலும் தோள் எவ்வளவு, இடுப்பு எவ்வளவு என்று கண்ணாலேயே அளவெடுக்கிற பழக்கம் உங்களுக்கு உண்டு. நான் முதல் தடவை உங்கள் முன்னால் வந்து நின்றபோதே என்னையும் அப்படித்தான் பார்த்தீர்கள். எனக்கே அங்கிருந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. குதிரைக்கு அப்படி வைத்த கண் வாங்காமல் பார்க்கிறவர்கள் எல்லாரும் புலிதான். அவளைத் தின்னப்போகிறீர்கள் என்றுதான் நினைப்பாள்.

பார்வையை விலக்குங்கள். உள்ளே இருங்கள், ஆனால் அவளுக்காக வந்ததுபோல் இருக்காதீர்கள். காது இரண்டும் பின்னால் படிந்திருந்தால் நகராதீர்கள். ஒரு காது உங்கள் பக்கம் திரும்பினால் எனக்கு உடனே எழுதுங்கள். உதட்டை நக்கி, வெறும் வாயை மென்றால் அன்றைக்கே எழுதுங்கள்.

அளவெடுக்கிற பழக்கத்தை ஒரு மாதத்துக்கு நிறுத்த முடியுமா?

* * *

மார்ச் 17

நாத்தனாரே,

உன்னை முதலில் பார்த்தபோது தோள் பதினாலரை, கை கொஞ்சம் நீளம் என்று மனசுக்குள் குறித்தது வாஸ்தவம்தான். அது தொழில் புத்தி. மூக்கைச் சொறிகிற மாதிரி, தானாக வருகிறது.

கண்ணைக் கட்டுப்படுத்தி இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். கூரையைப் பார்த்தேன், வைக்கோலைப் பார்த்தேன், என் கட்டைவிரலைப் பார்த்தேன். முடியவில்லை. சும்மா உட்கார்ந்தால் கண் தானாக அவள் பக்கம் போய், விலாவுக்கு எத்தனை மீட்டர் துணி வேண்டும் என்று கணக்குப் போடுகிறது. அதோடு, பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஒரு மலை வீட்டில் குவிந்து கிடக்கிறது. பள்ளி திறப்பதற்குள் கொடுக்க வேண்டும். கொட்டகையில் உட்கார்ந்து கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளைகள் துண்டைக் கட்டிக்கொண்டா பள்ளிக்கூடம் போவார்கள்?

அதனால் மெஷினைக் கொட்டகைக்குள் கொண்டுபோய்விட்டேன். உன் அண்ணனும் நானும் சேர்ந்து தூக்கினோம். அவர் கதவுவரைக்கும்தான் வந்தார், அதற்குமேல் நானே தரதரவென்று இழுத்தேன். மகாராணிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தேன். பின்னால் ஒரே களேபரம். முட்டுகிறாள், மூச்சைச் சீறுகிறாள், சுற்றிச் சுற்றி ஓடுகிறாள். தையலில் கண் இல்லாவிட்டால் ஊசி விரலில் ஏறிவிடும், அதனால் நான் திரும்பவே இல்லை. கால்சட்டை ஒரு டஜன் தைத்துவிட்டுப் போனேன்.

துணியை வீட்டிலேயே உதறி, மடித்துத்தான் எடுத்துப் போகிறேன். அந்தப் பயம் உனக்கு வேண்டாம்.

* * *

மார்ச் 21

என்ன காரியம் செய்தீர்கள்!

தையல் மெஷின்! இரும்பு! கடகடவென்று சத்தம் போடுகிற, சக்கரம் சுற்றுகிற ஒன்றை, இலை விழுந்தாலே துள்ளுகிற ஒரு குதிரையோடு ஒரே அறையில் பூட்டிவைத்திருக்கிறீர்கள்! அதற்குமேல் முதுகையும் காட்டிக்கொண்டு! அவள் ஒரு உதை விட்டால் முதுகெலும்பு என்ன ஆகும்? என் குதிரை பயந்து சாவதா, என் அண்ணன் பெண்டாட்டி உதை வாங்கிச் சாவதா, எதற்கு முதலில் அழுவது என்று தெரியவில்லை.

இன்றைக்கே மெஷினை வெளியே எடுங்கள். இது கெஞ்சல் இல்லை, கட்டளை. அவசரத் தபாலில் அனுப்புகிறேன்.

* * *

மார்ச் 21

அடியே!

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் நீயே நிமிர்த்திப் படித்துக்கொள்.

வந்தாள்! உன் மகாராணி என்னிடம் வந்தாள்!

முழுசாகச் சொல்கிறேன், கேள். மூன்றாம் நாளே ஓட்டம் நின்றுவிட்டது. நான் மிதித்தால் சும்மா நிற்கிறாள், நூல் மாற்ற மெஷினை நிறுத்தினால்தான் கால் மாற்றி மாற்றித் தவிக்கிறாள் என்று எனக்குக் கேட்டது. பார்க்கவில்லை, காதால்தான். அப்புறம் யோசித்தேன். படார் என்று வருகிற சத்தம்தான் அவளுக்கு ஆகாது போலிருக்கிறது. மெஷின் அப்படி இல்லையே, ஒரே மாதிரி போய்க்கொண்டே இருக்கிறது. நான் எங்கே இருக்கிறேன், என்ன செய்கிறேன் என்று அது அவளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அதனால் கையில் வேலை இல்லாவிட்டாலும் காலால் மிதித்துக்கொண்டே இருந்தேன்.

இன்று சாயங்காலம் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். பின்கழுத்தில் சூடாக ஒரு மூச்சு. சரி, உன் அண்ணன்தான் வம்பு பண்ணுகிறார் என்று "சும்மா இருங்க, வேலை கெடுது" என்றேன். உன் அண்ணன் வாசலிலிருந்து, "நான் இங்கதானே நிக்கறேன்" என்றார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது! காலை மட்டும் நிறுத்தவில்லை. மிதித்துக்கொண்டே இருந்தேன். அவள் என் பின்னலை முகர்ந்து பார்த்தாள், தோளில் கிடந்த அளவு டேப்பைப் பல்லால் பிடித்து மெல்ல இழுத்தாள். அப்புறம் மூக்கை என் தோளில் வைத்தாள். என்ன கனம்! நான் காலரைக் கோணலாகத் தைத்துவிட்டேன், பிரிக்க மனசு வரவில்லை. அந்தப் பிள்ளை கோணல் காலரோடு படித்து முன்னேறட்டும்.

அவள் வெறும் வாயை மென்றாள். சப் சப் என்று என் காதுக்குப் பக்கத்திலேயே! அன்றைக்கே எழுதச் சொன்னாயே, எழுதிவிட்டேன்.

* * *

மார்ச் 26

அண்ணி! அண்ணி! அண்ணி!

நான் எழுதிய 'கட்டளை'யைக் கிழித்து அடுப்பில் போடுங்கள். இரண்டும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கும். உங்கள் கடிதத்தைக் குதிரைகளுக்கு நடுவில் நின்று படித்தேன், படித்துவிட்டுக் குதித்தேன். நான் சவாரி சொல்லிக்கொடுக்கிற பிள்ளைகளிடம் எப்போதும் "குதிரை முன்னாடி குதிக்கக் கூடாது" என்று அடித்துச் சொல்வேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மானம் போயிற்று, போகட்டும்.

தோளில் மூக்கை வைத்தாளா? என்னிடம் அப்படி வைக்க எத்தனை காலம் ஆயிற்று தெரியுமா? கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது, சொல்லிவிட்டேன்.

அடுத்தது புண். மெஷினை மிதித்துக்கொண்டே ஒரு கையால் கழுத்தைத் தடவுங்கள், அங்கிருந்து தோள், முதுகு, தொடை என்று கையை எடுக்காமல் இறங்குங்கள். கையை எடுத்துவிட்டு வேறு இடத்தில் வைத்தால் அது புதுக் கை. ஒரே தையலாகப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்களேன். மிதிக்க அண்ணனை உட்கார வையுங்கள், தோள்தானே கடிபட்டது, கால் நன்றாகத்தானே இருக்கிறது?

அண்ணி, நேரம் ஓடுகிறது. லாரி ஏற வேண்டுமே.

* * *

ஏப்ரல் 4

என் செல்ல நாத்தனாருக்கு,

நல்லது முதலில். புண் ஆறிவிட்டது. உன் அண்ணன் மிதிக்க, நான் மருந்து போட, அவள் நிற்க, ஒரு கச்சேரி மாதிரி நடந்தது. மிதிக்கிறேன் பேர்வழி என்று அவர் நூல் இல்லாமல் ஒரு பாவாடைத் துணி முழுக்க ஓட்டை போட்டுவைத்தார், அது தனிக் கதை.

இப்போது கெட்டது. நீ திட்டு, நான் வாங்கிக்கொள்கிறேன்.

லாரியில் வரும்போது காற்று அடிக்குமே என்று அவளுக்கு ஒரு போர்வைச் சட்டை தைத்தேன். கண்ணால் எடுத்த அளவுதான், அப்படியே அச்சாகப் பொருந்தியது. உள்ளே பஞ்சு, கழுத்துக்கு மெத்தென்று பட்டை, மார்பில் மூட, அழுத்தினால் ஒட்டி இழுத்தால் பிரிகிற வெல்க்ரோ. பொத்தான் என்றால் அழுத்தும், நாடா என்றால் அவிழும், வெல்க்ரோதான் சௌகரியம் என்று தையல்காரி புத்தி சொன்னது. போட்டுவிட்டேன். நின்றாள். அழகு பார்த்தேன். கழற்றலாம் என்று பட்டையைப் பிடித்து இழுத்தேன்.

பர்ர்ர் என்று அவள் நெஞ்சிலேயே கிழிந்தது சத்தம்.

என்னை இடித்துத் தள்ளிவிட்டுப் போனாள். மெஷின் சாய்ந்தது. பாதி கழன்ற போர்வை அவள் காலில் சிக்க, அதைக் கண்டு இன்னும் மிரண்டு ஓட... எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவளுக்கு அடி ஒன்றும் இல்லை. ஆனால் திரும்ப அந்த மூலைக்கே போய்விட்டாள். அந்த முதல் நாள் நடுக்கம். நான் கதவைத் திறந்தாலே வெள்ளை முழி தெரிகிறது. எத்தனையோ வருஷமாகத் தைக்கிறேன், ஒரு துணி பேசுகிற சத்தத்தை நான் யோசித்ததே இல்லை.

உன் அண்ணன் சாய்ந்த மெஷினை நிமிர்த்தித் துடைத்துவைத்தார். அதுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது.

* * *

ஏப்ரல் 9

அண்ணி,

திட்டமாட்டேன். முழங்கைக்கு மருந்து போட்டீர்களா?

நிறைய யோசித்துத்தான் இதை எழுதுகிறேன். இந்த மாதம் முடிய எவ்வளவு நாள் இருக்கிறது? பயந்த குதிரை இரண்டாவது தடவை பயந்தால், முதல் தடவையைவிட அதிக காலம் பிடிக்கும். இங்கே எத்தனையோ குதிரைகளைப் பார்த்துவிட்டேன். அதனால் அந்தத் தரகரையே வரச் சொல்லிவிடலாம் என்று அண்ணனிடம் போனில் சொல்லிவிட்டேன். விற்க இல்லை. வண்டியில் ஏற்ற மட்டும். ஊசி போட்டு, கண்ணைக் கட்டி, நாலு ஆள் பின்னால் நின்று தள்ளினால் அரை மணி நேர வேலை என்றாராம். கயிறு இழுக்கிறவர் யார், எப்படி இழுப்பார் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

வந்து சேர்ந்த பிறகு நான் முதலிலிருந்து தொடங்குகிறேன். என்னைப் பார்த்தால் சுவரை உதைக்கிற குதிரையோடு. பரவாயில்லை. உயிரோடு, என் பக்கத்தில் இருந்தால் போதும்.

நீங்கள் இவ்வளவு செய்ததே பெரிது.

* * *

ஏப்ரல் 13

நாத்தனாருக்கு,

உன் தரகர் வந்தார். போய்விட்டார்.

எப்படிப் போனார் என்று உன் அண்ணனைக் கேட்காதே, அவர் இன்னும் என்னைப் பார்த்து மிரண்டுகொண்டிருக்கிறார். தரகர் கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு, "நீங்க கொஞ்சம் ஒதுங்கிக்கங்கம்மா, பொம்பளைங்க பாக்கற வேலை இல்ல இது" என்றார். நான் மெஷினைக் கொட்டகை வாசலில் குறுக்கே போட்டு உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தேன். "ஒதுங்கறேன், இந்த டஜன் முடியட்டும்" என்றேன். முடிந்தது. இன்னொரு டஜன் எடுத்தேன். அவர் வெயிலில் நின்றார், உட்கார்ந்தார், தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். உன் அண்ணன் என் காதில், "என்னதாம்மா பண்ணப்போறே?" என்றார். "தைக்கப்போறேன்" என்றேன். சாயங்காலம் தரகர் எழுந்து போனார்.

நீ சொன்னதை மீறினேன். எனக்கு நீ அனுமதி தர வேண்டியதில்லை, நான் அனுமதி கேட்கவும் இல்லை. அவளைப் பயமுறுத்தியது இரண்டு தடவையும் நான். நாலு ஆள் தள்ளி அவளை ஏற்றினால் மூன்றாவது தடவையும் நான்தான். அது என்னால் முடியாது.

இன்னொன்று கேள், அப்புறம் திட்டு. தரகர் நின்ற நேரம் முழுக்க நான் வாசலில் அவளுக்கு முதுகைக் காட்டித்தானே உட்கார்ந்திருந்தேன்? அவர் போனதும் பாபினில் நூல் தீர்ந்துவிட்டது. குனிந்து டப்பாவில் நூல் துழாவும்போதுதான் பார்த்தேன், அளவு டேப்பைக் காணோம். எங்கே போயிற்று?

மகாராணி வாயில் தொங்கிக்கொண்டிருக்கிறது!

* * *

ஏப்ரல் 16

அண்ணி, நீங்கள் மனுஷியே இல்லை!

தரகரை உட்காரவைத்துத் தைத்தீர்களா? நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து லாயத்துக் குதிரைகள் எல்லாம் தலையை நீட்டிப் பார்த்தன. உங்களை எதிர்த்துப் பேசியதை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது கேளுங்கள், என்னால் இங்கே நிற்க முடியவில்லை, யோசனை பொங்கிக்கொண்டு வருகிறது. பலகை! கொட்டகைத் தரையில் ஒரு பலகையைப் போடுங்கள். குளம்பு பட்டால் டொக் என்று கேட்கும், அதுதான் அவளுக்குப் பயம், அதனால் மேலே பழைய கம்பளி ஒன்றை விரித்துவிடுங்கள். மெஷினை அந்தப் பலகைமேல் வையுங்கள். அவள் உங்களைத் தேடி வருவாள், பலகையைத் தேடி இல்லை. பிறகு ஒரு பக்கத்துக்குச் செங்கல் கொடுத்து மேட்டாக்குங்கள். பிறகு கம்பளியை எடுத்துவிடுங்கள்.

அண்ணன் யாரையாவது கேட்டு, லாரியை முன்கூட்டியே கொண்டுவந்து கொட்டகை வாசலில் நிறுத்தச் சொல்லுங்கள். அது நிற்கட்டும். சும்மா நிற்கட்டும்.

சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வெல்க்ரோ வேண்டாம்.

* * *

ஏப்ரல் 24

ஏறிவிட்டாள்! ஏறிவிட்டாளடி என் ராஜாத்தி!

பொறு, மூச்சு வாங்கட்டும்.

லாரி வந்து வாசலில் நின்றது. டிரைவர் சிரித்துச் சிரித்தே கண்ணீர் விட்டார். "நான் மாடு ஏத்தியிருக்கேன், ஆடு ஏத்தியிருக்கேன், பீரோ ஏத்தியிருக்கேன். குதிரை ஏறணும்னு தையல் மெஷின ஏத்தறத இப்பத்தான் பாக்கறேன்" என்றார். அவரும் உன் அண்ணனும்தான் மெஷினைச் சாய்வுப் பலகை வழியாக மேலே தூக்கினார்கள். டிரைவர் கேபினுக்கு ஒட்டினாற்போல் மூலையில் வைத்து, கயிற்றால் இறுகக் கட்டினார்கள். குறுக்கே ஒரு கட்டை, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவளுக்கு இடம், வைக்கோல். நான் ஏறி உட்கார்ந்து, கொட்டகைக்கு முதுகைக் காட்டி, மிதித்தேன்.

எனக்கு ஒன்றும் தெரியாது, பார். சத்தம்தான் தெரியும். முதலில் மண்ணில் குளம்பு. அப்புறம் ஒன்றும் இல்லை. ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை. யூனிஃபார்ம் எல்லாம் முடிந்து போயிருந்தது, தைக்கத் துணியில்லை, என் முந்தானையையே ஊசிக்குக் கொடுத்து ஓரம் அடித்தேன். பலகையில் டொக். இன்னொரு டொக். நின்றுவிட்டாள். பின்னால் போய்விட்டாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, காலை நிறுத்தவில்லை. திரும்பவும் டொக், டொக், டொக், டொக். லாரியே அசைந்தது.

கட்டைக்கு மேலாகத் தலையை நீட்டி, என் தோளில் மூக்கை வைத்தாள். கீழே இரண்டு ஆம்பிளைகளும் சத்தமில்லாமல் ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். தானாகவே இறங்கினாள். மறுபடி ஏறினாள். பழகட்டும் என்று தினமும் ஏறி இறங்குகிறோம்.

கொட்டகை இடிப்பதற்கு முந்தின நாள் விடியற்காலை கிளம்புகிறோம். டிரைவர் ஆகட்டும் ஆகட்டும் என்கிறார், ரொம்ப மெதுவாக ஓட்டுவாராம். 'கிளம்புகிறோம்' என்று ஏன் எழுதினேன் என்று புரிகிறதா? மெஷின் இல்லாமல் அவள் வரமாட்டாள். நான் இல்லாமல் மெஷின் வராது.

* * *

ஏப்ரல் 26

அவசரத் தபால்

அண்ணி,

வாருங்கள், வாருங்கள், வாருங்கள்! லாயத்தைக் கழுவிவிட்டேன், வைக்கோல் போட்டுவிட்டேன், உங்களுக்கு என் கட்டிலைக் கொடுத்துவிட்டு நான் கீழே படுத்துக்கொள்வேன். தலைமைப் பயிற்சியாளர் "யாராவது விருந்தாளியா?" என்று கேட்டார். "ரெண்டு பேர் வர்றாங்க" என்றேன்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. கேட்டிலேயே நிற்பேன். லாரியைக் கண்டதும் ஓடி வருவேன்.

* * *

ஏப்ரல் 28

அவசரத் தபால்

நாத்தனாரே,

ஓடி வராதே!

இதை நான் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது பார், நீ குதிரைப் பயிற்சியாளர், நான் பாவாடை தைக்கிறவள். உன் மனசு எனக்குத் தெரியும். லாரி நின்ற உடனே கதவைத் திறந்து "சிட்டு!" என்று கத்திக்கொண்டு கழுத்தைக் கட்டிக்கொள்ளப் போவாய். அவள் உன்னைப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று? கடைசியாக உன்னைப் பார்த்த இடமும் ஒரு லாரிப் பலகைதான்.

சாய்வுப் பலகையை டிரைவர் இறக்கட்டும். நீ எங்களுக்கு முதுகைக் காட்டி நில். வேலி ஏதாவது இருந்தால் பிடித்துக்கொள். நான் மெஷினை மெல்ல மெல்ல நிறுத்தி, முதலில் இறங்குவேன், அவள் என் பின்னால் வருவாள். அவளாக வந்து உன்னைத் தொடுகிறவரை திரும்பாதே. எவ்வளவு ஆசையாக இருந்தாலும் திரும்பாதே. கஷ்டம்தான். நான் செய்து பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

நாளைக் காலையில் கிளம்புகிறோம். வண்டி ஊர்ந்துதான் வரும், இந்தத் தபால் எங்களை முந்திவிடும். உன் அண்ணன் இப்போதே அழுமூஞ்சியாக இருக்கிறார். "ரெண்டும் என்ன விட்டுட்டுப் போகுதுங்க" என்கிறார். கடிபட்ட தோளைத் தடவிக்கொண்டே சொல்கிறார்.

* * *

மே 6

அண்ணி,

நீங்கள் ஏறிய பஸ் திருப்பம் தாண்டியதும் வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் வீடு போய்ச் சேர்வதற்குப் பின்னாலேயே இதுவும் வந்து சேரட்டும்.

சிட்டு நன்றாக இருக்கிறாள். இன்று காலை என் கையிலிருந்து காரட் வாங்கினாள். நீங்கள் விட்டுப்போன மெஷினை நான்தான் மிதிக்கிறேன், ஊசியை இரண்டு தடவை உடைத்துவிட்டேன். லாயத்துக்கு ஒரு திரை தைக்கலாம் என்று தொடங்கினேன், அது எந்தப் பக்கம் போகிறது என்று அதற்கே தெரியவில்லை. சிட்டுவுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை, சத்தம் வந்தால் போதும் என்று பின்னால் நின்று என் சட்டைக் காலரை மெல்லுகிறாள். அந்த டிரைவர் அடுத்த வாரம் இந்தப் பக்கம் வருவாராம். மெஷினை அவர் வண்டியிலேயே பத்திரமாக அனுப்பிவிடுகிறேன்.

ஒன்று உங்களிடம் சொல்லாமல் விட்டேன். நீங்கள் இங்கே இருந்தவரை நாக்கு நுனிவரைக்கும் வந்து வந்து போயிற்று.

அன்றைக்கு நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் சொன்னபடி முதுகைக் காட்டி நின்றேன். பலகை இறங்கியது. மெஷின் சத்தம் மெல்லக் குறைந்து நின்றது. என் நெஞ்சு அடித்த அடிக்கு வேலியே ஆடியது. பலகையில் முதலில் செருப்புச் சத்தம், அப்புறம் குளம்புச் சத்தம், அப்புறம் எல்லாம் மண்ணில் அடங்கிப்போனது. திரும்பவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அப்போது என் தோளில் ஏதோ பட்டது. "வந்துட்டியா, என் தங்கமே! உனக்காக எவ்வளவு நாள் காத்திருந்தேன் தெரியுமா" என்று நான் அழுதுகொண்டே சொன்னேன். நீங்கள் சிரித்துவிட்டு, "நான்தாண்டி அது. உன் தங்கம் பின்னால வர்றா" என்றீர்கள். டிரைவரும் சிரித்தார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அசடு வழிந்த மாதிரி சிரித்துவைத்தேன். அதற்குள் சிட்டுவின் மூச்சு கழுத்தில் பட்டுவிட்டது, மற்றதெல்லாம் மறந்துபோயிற்று.

நான் பிறந்ததிலிருந்து குதிரைகளோடு இருக்கிறேன், அண்ணி. குதிரை மூக்குக்கும் மனுஷர் கைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? அந்தக் கையில் மெஷின் எண்ணெய் வாசம் வந்தது. விரல் நுனியில் ஊசி குத்திய சொரசொரப்பு என் தோளில் நன்றாகவே தெரிந்தது.

யாரென்று தெரிந்துதான் சொன்னேன். அது சிட்டுவுக்குச் சொன்னது இல்லை.